பரிமளாவின் ஒரே பிரதி

அமல்ராஜ் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சட்டைப் பையைக் காலி செய்வான். செல்போன், பென் டிரைவ், சின்ன ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் கண்ணெதிரே மேசைமேல் எடுத்து வைத்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுவான். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவனைக் கேட்டதில்லை. ஆரணியில் பட்டுப்புடவை டிசைன் போடும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறவன், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சந்தேகத்தைத் தாண்டித்தான் நாற்காலியில் உட்கார முடியும். அதை அவனாகவே புரிந்துகொண்டிருந்தான்.

அன்று காலை பரிமளாவின் முன்னறையிலும் அப்படியே எடுத்து வைத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கமலக்கண்ணன் அவற்றைப் பார்த்தார். பிறகு அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"அதுல இன்னாப்பா?"

"தயிர் சாதம் சார். அதை யாரும் காப்பி அடிக்க மாட்டாங்க."

கமலக்கண்ணன் சிரிக்கவில்லை. முள்ளிப்பட்டிலும் சுற்று ஊர்களிலும் அவருடைய பட்டு நூலும் ஜரிகையும் வீடு வீடாகத் தறிக்குப் போய்ப் புடவையாகத் திரும்பி வரும். அந்தத் தறிகளுக்கான கரையையும் முந்தானையையும் வரைகிறவள் பரிமளா. கம்ப்யூட்டர் அவர் வாங்கிக் கொடுத்து அவள் வீட்டில் வைத்தது. இந்த வருடம் சில தறிகளுக்குப் புது எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டி வாங்கியிருந்தார். டிசைனை நூலுக்கு எடுத்துச் சொல்கிற பெட்டி அது. அதோடு வந்த சாஃப்ட்வேர் பரிமளாவின் பழைய விண்டோஸில் ஏற மறுத்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். தறிகள் சும்மா நின்றுகொண்டிருந்தன. அடுத்த முகூர்த்த மாதத்துக்கான டிசைன்களும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன. அதனால்தான் கடையை விட்டுவிட்டுக் காவலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

பரிமளா கதவோரம் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது பயம் எதுவும் இல்லை.

அவள் முள்ளிப்பட்டுக்காரி. அப்பா தறி நெய்தவர். பத்தாவதோடு படிப்பு நின்றதும், ஆரணியில் ஒரு டிசைன்காரர் வீட்டில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் வைக்கிற வேலைக்குப் போனாள். ஒரு கட்டம் தப்பினால் தறியில் ஓர் இழை தப்பும். அங்கே படம் வரையக் கற்றுக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. தப்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கம்ப்யூட்டர் வந்தபோது பழைய டிசைன்காரர்கள் பலர் அதைத் தொடத் தயங்கினார்கள். இவளுக்குத் தயங்குவதற்குப் பெரிய பெயர் எதுவும் இல்லாததால் உட்கார்ந்துவிட்டாள். கமலக்கண்ணன் பார்த்து வேலை கொடுத்தார். கணவன் சரவணன் செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவன். மகள் சத்யப்ரியா கல்லூரியில் படிக்கிறாள்.

அவள் வரைந்ததெல்லாம் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அவள் வரையும் யானை எருமையைப் போல இருக்கும். அன்னத்தின் கழுத்து எப்போதும் கொஞ்சம் நீளம். கேட்டதை மட்டும் வரைந்த வருடங்களில் அவளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் கொடிகளும் சுருள்களும் அவள் கைக்கு வந்தன. கொடுக்காப்புளிக் காய் பழுத்து முறுக்கிக்கொண்டு தொங்குவதை ஒரு கரையாகப் போட்டாள். கமலக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இத எவனுக்கும் காட்டாத," என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது.

முதல் புடவை தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே அதே கரை வேறொருவர் கடையில் தொங்கியது.

டிசைன் திருட்டு விசித்திரமானது. திருடு போன பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். பூட்டு உடைந்திருக்காது, எதுவும் குறைந்திருக்காது. ஒன்று இரண்டாகியிருக்கும், அவ்வளவுதான். அந்த வாரம் அமல்ராஜ் அவள் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்திருந்தான். டிசைனைத் தறிக்குக் கொண்டுபோன பென் டிரைவும் நாலைந்து கை மாறியிருந்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஊர் அமல்ராஜைக் கைகாட்டியது. பல வீடுகள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தின. கமலக்கண்ணன் பரிமளாவுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார். பிறகு அவளை விட்டால் ஆள் இல்லை, அவனை விட்டாலும் ஆள் இல்லை என்று தெரிந்து இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வேலை இல்லாத அந்த மாதங்களில் பரிமளா தனக்காக வரையத் தொடங்கினாள். வேலை திரும்ப வந்த பிறகும் அதை விடவில்லை. கேட்ட டிசைனை முடித்துக் கொடுத்த பிறகு மிஞ்சிய நேரத்தில் ஒரு முந்தானை, ஒரு கரை. வருடங்கள் போகப் போக அவை சேர்ந்தன. முள்ளிப்பட்டில் அவள் அண்ணன் வீட்டில் இரண்டு தறிகள் இருந்தன. தை மாதம் அவற்றில் தன் டிசைனைப் போட்டுத் தன் பெயரில் நெய்து விற்பது என்று சரவணனும் அவளும் பேசி முடித்திருந்தார்கள். கமலக்கண்ணனுக்கு இது தெரியாது. புடவை கையில் வரும்வரை தெரியவும் கூடாது.

அந்த டிசைன்களை அவள் வைத்திருந்த இடம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. விற்றுப் போட்ட ஒரு பழைய பிரிண்டரின் ஃபோல்டர், சி டிரைவில் விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு நடுவே கிடந்தது. அதற்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு, அதையும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தாள். பென் டிரைவில் ஒருநாளும் ஏற்றியதில்லை. "ஒண்ணாவே இருக்கட்டும். ரெண்டானாத்தான் மூணாவும்," என்று சரவணனிடம் சொல்லியிருந்தாள். கொடுக்காப்புளிக் கரை அவளுக்குக் கற்பித்தது அதுதான். அவள் தொழிலில் அது நியாயமான பாடமும்கூட.

அமல்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அக்கா, உங்க ஃபைல் எல்லாம் எங்க கீது?"

"எல்லாம் டி டிரைவ்லதான்."

"டெஸ்க்டாப்ல?"

"அதுல ரெண்டு இருக்கும். பாத்து எடுத்துக்கோ."

அவன் எடுத்தான். கமலக்கண்ணன் புதிதாக வாங்கி வந்திருந்த ஹார்ட் டிஸ்கில் எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெயரும் திரையில் வந்து போவதை அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் அந்த டிஸ்கைத் தானே பிடுங்கித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சி-ல வேற ஏதாச்சும்?" என்றான் அமல்ராஜ்.

"ஒண்ணும் இல்ல."

அவன் உடனே நகரவில்லை. மவுஸ் சி டிரைவின்மேல் நின்றது. "விண்டோஸுக்கு இவ்ளோ இடம் ஆவாதே. கணக்கு உதைக்குதே அக்கா."

"பழைய சாஃப்ட்வேர் எதுனா இருக்கும்."

அதைச் சொல்லும்போதும் அவள் பதறவில்லை. ஃபார்மேட் என்றால் விண்டோஸ் மட்டும் மாறுவது என்று நினைத்திருந்தாள். அவள் ஒளித்த இடம் அவன் கண்ணில் படாது. கண்ணில் படாததை அவன் எப்படி அழிப்பான்? திருடனை மட்டுமே நினைத்துப் பழகிய மனத்துக்கு இந்தத் தவறு எளிதாக வரும்.

"ஜல்தி ஆவட்டும்ப்பா," என்றார் கமலக்கண்ணன். "இது எம்மா நேரம் புடிக்கும்? பழைய விண்டோஸ் மேலயே புதுசைப் போட்டுட முடியாதா?"

"முடியாது சார். இது வேற மாதிரி விண்டோஸ், மேல ஏறாது. சி-யை முழுசா அழிச்சுட்டுத்தான் போடணும்."

"அழிச்சா இவ வச்ச படம் கிடம்லாம்?"

"டி-ல இருக்கிறது அப்படியே இருக்கும், காப்பியும் உங்க பையில கீது. சி-ல மட்டும் ஒண்ணும் மிஞ்சாது. வூட்டை இடிக்கிற மாதிரி இல்ல சார் இது, மனையையே உழுதுடறது. மறைச்சு வச்சது, மறந்து வச்சது எல்லாம் போயிடும்."

பரிமளா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கேட்ட மாதிரி முகத்தில் எதுவும் தெரியவில்லை. "காப்பி போட்டு எடுத்தாரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்பைப் பற்ற வைக்காமலேயே சரவணனுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்டுக்குள் போனால் போனைக் கம்பெனி லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் திரும்பச் செய்தாள். அவன் எடுத்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பான்? சொல் என்பான், இல்லை சொல்லாதே என்பான். இரண்டையும் அவளே தனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

சொன்னால், இத்தனை வருடம் தன்னிடம் காட்டாமல் வரைந்தாள் என்று கமலக்கண்ணனுக்குத் தெரியும். தை மாதத் திட்டம் புரிந்துவிடும். நூல்காரரும் சாயக்காரரும் அவர் பேச்சைத் தட்டமாட்டார்கள். சொல்லாவிட்டால், அடுப்பில் பால் பொங்குவதற்குள் எல்லாம் போய்விடும். யாரும் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. வேறொருவர் கடையில் தொங்கவும் போவதில்லை. திருடன் இல்லாமலே இல்லாமல் போகும். ஒரே பிரதியாக வைத்தது எந்தப் பயத்துக்கு மருந்தோ, அதுவே இந்தப் பயத்துக்கு விஷமாக இருந்தது.

காப்பியோடு வந்தபோது திரை நீலமாகியிருந்தது. பழைய விண்டோஸ் திரையில் இல்லை, ஆனால் இன்னும் அழிக்கவில்லை. அமல்ராஜின் பென் டிரைவிலிருந்து புதியது ஏறக் காத்திருந்தது.

"தம்பி, இன்னிக்கு கரண்ட் ஒரு மாதிரி இருக்குது. நாளைக்குப் பண்ணலாமா?"

கமலக்கண்ணன் ஃபேனைப் பார்த்தார். அது சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. "நாளைக்கு நாளைக்குன்னா தறிக்காரங்க வயித்துக்கு நானா பதில் சொல்றது? பண்ணுப்பா நீ."

அமல்ராஜ் பரிமளாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மவுஸை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி, நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"இத யாரு அமுக்கறீங்க?"

"இன்னா?"

"அழிக்கிற பட்டனை நான் தொடமாட்டேன் சார். ஒரு வூட்ல நான்தான் வேணும்னே அழிச்சேன்னு சட்டையைப் புடிச்சாங்க. அதுலேர்ந்து ஓனர்தான் அமுக்கணும்."

"நல்ல பேஜாரா போச்சு. எனக்கு இதெல்லாம் தெரியாது. பரிமளா, நீ அமுக்கு."

அவள் உட்கார்ந்தாள். திரையில் ஒரு சின்னக் கட்டம். இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே இரண்டு பட்டன்கள். அவள் கை மவுஸ்மேல் இருந்தது, விரல் எழவில்லை.

"அக்கா, சி-ல ஒண்ணும் இல்லதானே?" அமல்ராஜ் மெதுவாகக் கேட்டான். காலையிலிருந்து அவன் இதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் பார்வை அந்தப் பட்டனை விட்டு நகரவில்லை.

"நகரு, நானே அமுக்கறேன். எது, இதுவா?" கமலக்கண்ணன் எழுந்து வந்து கையை நீட்டினார்.

பரிமளா இன்னொரு கையையும் மவுஸின்மேல் வைத்து மூடிக்கொண்டாள். அவர் விரல்கள் அவள் கைமேல் பட்டு, சுட்டது போல விலகின.

"வேணாங்க மொதலாளி. உள்ள என்னோடது இருக்குது."

"உன்னோடது இன்னா?"

"நான் எனக்குன்னு போட்டது. டிசைன்."

அமல்ராஜ் குனிந்து, அவள் கையைத் தொடாமல் கீபோர்டில் தட்டி அந்தக் கட்டத்தை மூடினான். பென் டிரைவைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை மறுபடி போட்டான். திரை கறுத்தது. கறுப்பாகவே இருந்தது. பழைய இயந்திரம் உள்ளே எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. அது இனி எழுமா என்பது அவனுக்கே உறுதியில்லை என்று அவன் நின்ற விதத்தில் தெரிந்தது. பரிமளா திரையில் தெரிந்த தன் முகத்தையும், பின்னால் நின்ற கமலக்கண்ணன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பழைய விண்டோஸ் வழக்கமான அலட்சியத்தோடு வந்து நின்றது.

அவள் பிரிண்டர் ஃபோல்டரைத் திறந்தாள். மறைத்ததை வெளியே எடுத்தாள். சின்னச் சின்னப் படங்களாகத் திரை நிரம்பியது.

கமலக்கண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பெருசு பண்ணு."

அவள் ஒன்றைப் பெரிதாக்கினாள். நீண்ட கரை. ஒரே அளவில் வரிசையாகச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஜரிகை மங்கலாக ஒளிவிட்டது. சிலவற்றில் சாய்ந்து தூங்கும் தலை போல ஒரு வளைவு.

"இது இன்னா?"

"செய்யாறு கம்பெனி பஸ் ஜன்னல். ஷிஃப்ட் முடிஞ்சு வரப்போ."

"பஸ்ஸைக் கட்டிகினு எவ மணையில உக்காருவா?"

அவர் அடுத்ததைக் காட்டச் சொல்லவில்லை. அந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தாரா, தெரியவில்லை. சொன்னது வேறு.

"கம்ப்யூட்டர் யாருது?"

"உங்களுதுதாங்க."

"என் கம்ப்யூட்டர்ல, என் வேலைக்கு நடுவுல."

"உங்க வேலை ஒருநாளும் நின்னதில்லைங்க."

"நின்னுதுன்னு நான் சொல்லல. நீ ஒளிச்சேன்னு சொல்றேன்." அவர் குரல் உயரவில்லை. "கொடுக்காப்புளி கரை போச்சு. எவன் எவன்னு ஊரெல்லாம் தேடினேன். இந்தப் பையன் பொழப்புல மண்ணு விழுந்தது. ஒளிக்கத் தெரிஞ்சவ வூட்டுக்குள்ளயே இருந்திருக்கா."

பரிமளா நாற்காலியிலிருந்து எழுந்தாள். இந்தப் பழி அவள் எதிர்பாராதது. வேலை போகும், நூல் கிடைக்காது என்று எண்ணியிருந்தாள். திருடி என்ற பெயரை அவள் கணக்கில் வைத்திருக்கவில்லை. "அதை நான் குடுக்கல மொதலாளி," என்றாள். அதற்கு மேல் அவளிடம் சான்று எதுவும் இல்லை. இத்தனை வருடம் அமல்ராஜிடமும் இல்லாமல்தான் இருந்தது.

"சார்," என்றான் அமல்ராஜ். "காப்பி எடுக்கணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க. எடுத்துட்டா நான் வேலையை முடிச்சுடுவேன்."

கமலக்கண்ணன் துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அவளுதை அவ எடுத்துக்கட்டும். பஸ்ஸும் ஜன்னலும் எனக்கு எதுக்கு? புது விண்டோஸ் போட்டு முடி. சாயங்காலம் ஆள் அனுப்பறேன், கம்ப்யூட்டரைக் கடைக்கு எடுத்துகினு வந்துடுவாங்க."

"மொதலாளி, காப்பி."

அவர் டம்ளரைப் பார்த்தார். பழக்கத்தில் கை ஒரு கணம் அதன் பக்கம் போனது. எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பரிமளா உள்ளே போய்ச் சத்யப்ரியாவின் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வந்தாள். அமல்ராஜ் சொருகினான். முதல் முறையாக அவளுடைய டிசைன்கள் வேறொரு பொருளுக்குள் போயின. எண்ணிக்கையும் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று அவன் பார்த்தான். ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, "இது சரியா? இது?" என்று கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் பென் டிரைவைப் போட்டு அழிக்கிற கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தான்.

"இப்போ அமுக்கலாமா அக்கா?"

அவள் அமுக்கினாள். இந்தத் தடவை விரல் தயங்கவில்லை. சி டிரைவ் ஒரு நொடியில் காலியானது. இத்தனை வருடம் ஒளித்த இடம் அது. போனதில் ஒரு சத்தம்கூட இல்லை.

புது விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது அமல்ராஜ் கமலக்கண்ணன் விட்டுப்போன காப்பியை எடுத்து ஆறிப்போனதைப் பொருட்படுத்தாமல் குடித்தான். பரிமளா பென் டிரைவை விரல்களுக்குள் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அது ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. சாயங்காலம் கம்ப்யூட்டர் போய்விடும். தறி அண்ணன் வீட்டில் இருக்கிறது, நூலுக்கு வழி தெரியவில்லை, தையும் நெருங்குகிறது. அந்தத் தறிகளில் போட இருப்பது இது ஒன்றுதான்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றான் அவன். "காலையிலயும் உங்ககிட்ட ஒண்ணுதான் இருந்தது. இப்பவும் ஒண்ணுதான் கீது. இது சின்னது. சட்டையோட துவைச்சுட்டாக்கூட போச்சு. இன்னொரு எடத்துல போட்டு வையுங்க."

"எங்க போடறது? வூட்ல வேற கம்ப்யூட்டர் இல்லையே."

"யாராச்சும் தெரிஞ்சவங்க."

அவள் யோசித்தாள். டிசைன் தெரிந்தவர்கள் எல்லாரும் டிசைன் வேண்டியவர்கள். வேண்டாதவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. அவன் மேசைமேல் வைத்திருந்த பொருள்களைப் பார்த்தாள். காலையில் வைத்த வரிசை கலையாமல் இருந்தது.

"தம்பி, அந்தக் கொடுக்காப்புளி கரை. நீ எடுத்தியா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் முகத்துக்கு நேரே கேட்ட முதல் ஆள் அவள்.

"இல்லக்கா."

"நிஜமா?"

"நிஜமாத்தான். ஆனா இதைத்தான் எடுத்தவனும் சொல்லுவான். நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல."

"அதேதான் நானும்."

இதிலிருந்து எதுவும் தெளிவாகவில்லை. தெளிவாகும் என்று இருவருமே எதிர்பார்க்கவும் இல்லை. திரையில் புதிய விண்டோஸ் மொழி எது, ஊர் எது என்று கேட்டது. அவன் பதில் கொடுத்தான். முடித்துவிட்டுத் தன் பொருள்களைச் சட்டைப் பையில் போடத் தொடங்கினான். பரிமளா எழுந்து வந்து பென் டிரைவை மேசைமேல் அவன் பக்கமாக வைத்தாள்.

"உன் வூட்டு கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி போட்டு வை."

அவன் அதைத் தொடவில்லை. "ஊரே என் மேல சந்தேகம்னு சொல்லுதுக்கா."

"எனக்கும் சந்தேகம்தான்," என்றாள் பரிமளா. "இன்னிலேர்ந்து ஊரு என்னையும் சொல்லும். போட்டு வை."